ஷெவந்தி உயிரோடு இருக்கும் வரை

ஒரு ராத்திரித் தூக்கத்தின் விலை இருநூற்று முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள், விற்றவன் நான்தான். சில்லறையாகக்கூட விற்கவில்லை, மொத்தமாக, மாதம் ஏழாயிரத்துக்குத் தள்ளிவிட்டேன். என் தூக்கத்தை மட்டும் விற்றிருந்தால் பரவாயில்லை. கூடவே என் மனைவி அமலாவின் தூக்கத்தையும் அவளைக் கேட்காமலே சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

விருதுநகரில் எங்கள் அப்பாவுக்கு வத்தல் கமிஷன் கடை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் 'அம்மா' சொல்வதற்கு முன்னால் 'கட்டுப்படியாகாது' சொல்லும். புனேயில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் கொள்முதல் மேனேஜர். விலை குறைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். என் பேர் சபரி என்று சப்ளையர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லும் பேர் வேறு.

விஷ்ராந்த்வாடியில் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது, அந்தப் பக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை இருபத்தெட்டாயிரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி லீலா பர்வே, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. காக்கு என்று கூப்பிடச் சொன்னார். மராத்தியில் சித்தி மாதிரி. ஒண்டிக்கட்டை. முதியோர் இல்லத்துக்குப் போகப்போவதாகவும், அங்கே வளர்ப்புப் பிராணிகளைச் சேர்ப்பதில்லை என்பதால் பூனையை மட்டும் வீட்டோடு விட்டுப் போக வேண்டியிருப்பதாகவும் இந்தியில் சொன்னார். பூனை சோபாவின் கைப்பிடியில் படுத்திருந்தது. வெள்ளையும் மஞ்சளுமாய் ஒரு பழைய மெத்தை உறை மாதிரி. பேர் ஷெவந்தி.

சரக்கோடு சேர்த்து ஒரு சங்கடத்தையும் தலையில் கட்டுகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? முகத்தைச் சுளித்தேன். அமலாவுக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது என்றேன். அமலா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இருபத்தைந்து என்றார் காக்கு. நான் செருப்பை மாட்டினேன். கடைசியில் இருபத்தோராயிரத்துக்கு இறங்கினார். அதோடு விட்டேனா?

"பதினோரு மாசம் கழிச்சு வாடகையை ஏத்துவீங்க. அப்ப நான் பூனையோட எங்க போறது? ஷெவந்தி உயிரோடு இந்த வீட்டில் இருக்கும் வரை வாடகை ஏறாது, எங்களைக் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு எழுதிக்கொடுங்க" என்றேன்.

காக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலாம். ஷெவந்தி இல்லாமல் போனால் ஒரு மாதத்தில் காலி செய்யணும்னும் எழுதிக்கலாம். இரண்டு பக்கமும் நியாயமா இருக்கணும் இல்லையா?"

"பூனைக்கு வயசு என்ன காக்கு?"

"என்னைவிடச் சின்னவள்தான்" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்த நேரத்தில் பதிலை வாங்காமல் விட்டுவிட்டேன். குழாய்களைத் திறந்து பார்த்திருந்தேன், சுவரைத் தட்டிப் பார்த்திருந்தேன், மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்திருந்தேன். ஆட்டுச் சந்தைக்குப் போகிற சின்னப் பையன்கூடச் செய்கிற காரியம், பல்லைப் பிடித்துப் பார்ப்பது. அதைச் செய்யவில்லை.

குடிவந்த முதல் ராத்திரியே அது கத்தியது. மியாவ் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் உடைந்து, ஒப்பாரி மாதிரி மேலேறி, கேள்வி கேட்பதுபோல் நிற்கும். பதில் வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

"புது இடம், அதான்" என்றேன்.

"ஏங்க, அதுக்கு இது புது இடமா? நாமதான புதுசு?" என்றாள் அமலா.

பழகிவிடும் என்றேன். சரக்கைத் திருப்பி அனுப்ப ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவை நான் ஏழாயிரத்தை நினைத்து நினைத்தே கழித்தேன். அது கழிந்த கொஞ்ச நாளில் அமலா உண்டானாள்.

அதன்பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. வேறு வீடு பார்க்கிறேன் என்று மாமியாரிடம் போனில் சொன்னதுதான் தாமதம்.

"மாசமா இருக்கிறவ வீடு மாறக் கூடாது மாப்பிள்ளை. எங்க வழியில அந்தப் பழக்கமே கிடையாது. பெத்தெடுத்த பெறகு எந்த வீட்டுல வேணா பாலைக் காய்ச்சுங்க."

"இல்ல அத்தை, இந்தப் பூனை..."

"பூனைன்னதும் ஞாபகம் வருது. பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல ஒரு உயிருக்கும் ஊறு பண்ணிராதீங்க. எலிப்பொறிகூட வைக்கக் கூடாது, ஆமா."

அப்படியானால் அமலாவை விருதுநகருக்கு அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஏழாம் மாதம் அமலாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இனிமேல் ரயில், விமானம் எதுவும் வேண்டாம் என்றார் பிரசவ டாக்டர். "ராத்திரி நல்லாத் தூங்கறாங்களா?" என்றும் கேட்டார். அமலா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன். "இதே மாதிரி ஏறிக்கிட்டுப் போனா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிடுவேன். அப்புறம் குழந்தையை முன்னாலேயே எடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லி மாத்திரையை எழுதினார். தூக்கத்துக்கு எழுத அவரிடம் மாத்திரை இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்க மாட்டாராம்.

பூனையைப் பால்கனியில் விட்டால் கீழ்வீட்டுக் கதம் காகா வந்து நின்றார். காகா என்றால் சித்தப்பா மாதிரி. எங்கள் சொசைட்டியின் செயலாளர் அவர்.

"சபரி சாப், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல யாரையாவது அடிக்கிறீங்களா?"

"பூனை, காகா."

"அட, அந்த மாஞ்சரா? லீலா மேடம் போனதோட அதுவும் போயிருச்சுன்னு நினைச்சேன்." மாஞ்சர் என்றால் மராத்தியில் பூனை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு குறைச்சாங்க?"

ஆக, விஷயம் கட்டிடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

ஷெவந்தியைக் கூடையில் போட்டுக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் கோந்த்வாவுக்குப் போனேன். பக்கத்திலேயே கால்நடை டாக்டர் உண்டு. ஆனால் கோந்த்வா டாக்டர் ரீனா தமிழ்ப் பெண் என்று கேள்விப்பட்டிருந்தேன். தமிழில் பேசினால் பீஸில் ஏதாவது பார்த்துப் போடுவார் என்று ஒரு கணக்கு. அவர் பிறந்து வளர்ந்தது புனேயில். தமிழை அவர் கையாண்டது, புதுச் செருப்பு கடிக்கிறவர் நடப்பதுபோல இருந்தது.

"சார், இது ரொம்ப பழைய பூனை" என்றார், வாயைத் திறந்து பார்த்து. "பல் பாதி இல்லை. செவன்டீன், எய்ட்டீன் இயர்ஸ் இருக்கும். காது கேக்காது. கண்ணும் கொஞ்சம்தான்."

"எதுக்கு டாக்டர் இப்படிக் கத்துது?"

"ராத்திரி எழுந்தா, எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியலை. யாராவது இருக்காங்களான்னு கேக்குது. நீங்க பதில் சொன்னாலும் அதுக்குக் கேக்காது இல்லையா? அதனால இன்னும் லவுடா கேக்குது." ரத்தம் எடுத்தார், மருந்து எழுதினார். கொஞ்சம் குறையும், நிற்காது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப கஷ்டமா இருந்தா, வலி இல்லாம முடிச்சுடலாம். சில பேர் கேப்பாங்க. நான் இன்னும் அவ்வளவு தேவைன்னு சொல்ல மாட்டேன்."

எனக்குள் ஒரு ஓரத்தில் தீபாவளி வெடித்தது. அடுத்த நொடி ஒப்பந்தத்தின் இரண்டாவது வரி ஞாபகம் வந்தது. பூனை போனால் ஒரு மாதத்தில் காலி. நிறைமாதக்காரியை, வீடு மாறக் கூடாதவளை, கூட்டிக்கொண்டு எங்கே போவது? பூனை இருந்தால் அமலா தூங்க முடியாது. இல்லாவிட்டால் அமலாவுக்கு வீடு கிடையாது. எழுதிக்கொடுங்கள் என்று அந்த ஒப்பந்தத்தை வலியக் கேட்டு வாங்கியவன் யார்?

பீஸில் ஒரு பைசா குறைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கத்தல் நிற்கும் வழி ஒரு சாயங்காலம் தற்செயலாகக் கிடைத்தது. இருட்டத் தொடங்கியதும் ஷெவந்தி முதல் ராகத்தை இழுத்தது. கூடத்துத் தரையில் அது படுத்திருந்த பாயில் என்னுடைய பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடினேன். சத்தமாவது கொஞ்சம் அமுங்கட்டுமே. துண்டின் ஓரத்தைச் செருகும்போது என் கை உள்ளே போனது. அதன் முன்னங்கால் என் இரண்டு விரலைப் பிடித்தது. கத்தல் பாதியில் நின்றது.

எங்கள் ஊரில் வத்தலுக்கு விலை பேசுவது இப்படித்தான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் வாய்விட்டு விலை சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்து, இத்தனை விரல் இத்தனை நூறு என்று பேசி முடிப்பார்கள். மேலே முகம் இரண்டும் கோயில் சிலை மாதிரி இருக்கும். நான் இரண்டு விரலை உருவிப் பார்த்தேன். ஷெவந்தி வாயைத் திறந்தது. மூன்று விரல் கொடுத்தேன். கட்டுப்படியாகவில்லை. ஐந்து விரலும் கொடுத்து, உள்ளங்கையையும் சேர்த்து அதன் விலாவில் வைத்த பிறகுதான் வியாபாரம் படிந்தது. நெஞ்சுக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

"அமலா, வந்து பாரு" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பூனைக்குக் காது கேட்காது என்பதே மறந்துவிட்டது.

அவள் அறை வாசலில் நின்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு பார்த்தாள். "நல்லாருக்கு. கையை எடுங்க பாப்போம்."

எடுத்தேன். வீடு அதிர்ந்தது. திரும்ப வைத்தேன்.

"அப்ப அங்கனயே படுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அன்றிலிருந்து கூடத்துத் தரைதான் எனக்கு. ஒரு பக்கமாகப் படுத்து, வலது கையைத் துண்டுக்குள் நீட்டி வைக்க வேண்டும். புரளக் கூடாது. கொசு கடித்தால் இடது கையால் அடிக்க வேண்டும், அதுவும் மெதுவாக. கண் அசந்து கை நழுவினால் அதற்குத் தெரிந்துவிடும். ஜெயிலில்கூட ஆளை மாற்றி ஆளைக் காவல் போடுவார்கள். அமலா உதவிக்கு வரலாம்தான். அவள் தூங்குவதற்காகத்தானே இந்த ஏற்பாடே. அடுத்த பரிசோதனையில் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. "இப்படியே இருங்க" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

ஆபீஸில் ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து வார்ப்பட சப்ளையர் வாசுதேவன் வந்திருந்தார். விலையைச் சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தார். நான் கண்ணை மூடினேன். யோசிப்பதற்காக இல்லை, மூடிக்கொண்டது. எவ்வளவு நேரமோ தெரியாது.

"ஏனுங் சார், ஒண்ணும் பேச மாட்டீங்கறீங்க? சரிங், கிலோவுக்கு ரெண்டு ரூபா குறைச்சுக்கலாமுங்."

எனக்கு அது தூரத்தில் ரயில் போவதுபோலக் கேட்டது.

"நாலு ரூபாய்ங் சார். அதுக்கு மேல என்னைக் கொன்னே போட்டாலும் முடியாதுங்."

திடுக்கிட்டு விழித்து, "ம்" என்றேன். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷ சாமர்த்தியத்தில் இப்படி ஒரு விலையை நான் வாங்கியது கிடையாது. சந்தோஷப்படத்தான் தெம்பில்லை.

ஆனால் ஒரு பயம் என்னை அரிக்க ஆரம்பித்தது. துண்டுக்கு அடியில் என் உள்ளங்கையில் படும் அந்த விலா, வாரத்துக்கு வாரம் எலும்பாகிக்கொண்டு வந்தது. மூச்சு சில நேரம் நின்று, யோசித்து, பிறகு வரும். அது நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு லாரி வந்து எங்கள் பீரோவை ஏற்றுவதாகத் தோன்றும். பிள்ளை பிறக்கும் வாரத்தில் இது போய்விட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளந்தி ரோட்டைத் தாண்டி இருந்த அந்த முதியோர் இல்லத்துக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். முதலில் குற்றச்சாட்டு, பிறகு அனுதாபம், கடைசியில் சலுகை.

காக்கு வேப்பமரத்தடியில் செய்தித்தாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அசந்துவிட்டேன். கன்னம் பூரித்து, பத்து வயது குறைந்து இருந்தார். நானோ, அங்கேயே சேர்ந்துவிடலாம் போல இருந்தேன்.

"ஏன் இப்படி ஆயிட்டே?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா காக்கு? பூனை வயசை மறைச்சு வித்துட்டீங்களே?"

"மறைச்சேனா? என்னைவிடச் சின்னவள்னு சொன்னேனே, அதில் பொய் என்ன? ராத்திரி கத்துவாளான்னு நீ கேட்டியா?"

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன். நீ ஏழாயிரத்தைக் குறைக்கிறதிலேயே குறியா இருந்தே. நான் பத்தாயிரம் வரைக்கும் இறங்கத் தயாரா இருந்தேன்."

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வியாபாரியிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

"இருபத்தெட்டாயிரமே தரேன் காக்கு" என்றேன். "முதல் மாசத்திலிருந்து கணக்குப் போட்டுத் தரேன். பூனையை நீங்க வேற யாருக்காவது..."

"யாருக்கு?"

தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"வேணும்னா பதினைந்தாயிரம் கொடு. பன்னிரண்டு?" என்றார் காக்கு.

"குறைக்காதீங்க காக்கு!" என்று கத்திவிட்டேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். என் பரம்பரையில் யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காக்கு செய்தித்தாளை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தெரியுமா? நான் இங்கே வந்தது தூங்குவதற்கு. நாலு வருஷம் கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே படுத்தேன். அவள் அதைக் கட்டிக்கொண்டு படுப்பாள். இடுப்பு போய்விட்டது. இங்கே முதல் ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினேன். காலையில் எழுந்ததும், விற்றுவிட்டோமே என்று..." நிறுத்திக்கொண்டார். "நீ என்ன கொடுக்கிறே? காலா?"

"கை."

"கை நல்லது. கைக்கு அசைய இடம் உண்டு."

போனில் இருந்த ஷெவந்தியின் படத்தைக் காட்டப் போனேன். அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அமலாவின் நிலைமையைச் சொன்னேன். இந்தத் தடவை நடிப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளத் தெம்பும் இல்லை. பூனைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கைப்பிள்ளையோடு தெருவில் நிற்போம் என்றேன்.

அவர் மடித்து வைத்த செய்தித்தாளை மறுபடி விரித்தார். விலை பேசும்போது முதலில் வாய் திறக்கிறவன் தோற்றான். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். திறந்தது அவர்தான்.

"அவள் போனால் எனக்குச் சொல்லாதே."

"புரியலை காக்கு."

"போன் பண்ணாதே, சொல்லி அனுப்பாதே. வீட்டிலேயே இரு. எத்தனை வருஷம் வேணுமோ இரு. மாசாமாசம் அதே இருபத்தோராயிரம் வரணும். ஒரு ரூபாய் கூடினாலும் அவள் போயிட்டாள்னு எனக்குத் தெரிஞ்சிடும். கூட்டாதே. அவ்வளவுதான்."

நான் போனது வீட்டுக்காக. வீடு கிடைத்துவிட்டது. யாரும் எங்களைக் கிளப்ப முடியாது. அமலா இந்தச் சுவருக்குள்ளேயே பெறலாம், பிள்ளை இந்தத் தரையிலேயே தவழலாம். சந்தோஷமாகத்தான் ஆட்டோ ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. இனிமேல் ஊரெல்லாம் வாடகை ஏறினாலும் நான் ஏற்றிக் கொடுக்க முடியாது. மனசாட்சி உறுத்தி ஐந்நூறு சேர்த்து அனுப்பினால், ஒரு கிழவியின் தலையில் கல்லைப் போட்டதாக ஆகும்.

வீட்டுக்கு வந்து அமலாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப நம்ம வீட்டுல என்னைக்கும் ஒரு பூனை உயிரோட இருக்கும்னு சொல்லுங்க" என்றாள். காம்பை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "இனிமே அது செத்தா உங்களுக்கு நட்டமில்லை. ராத்திரி உள்ள வந்து கட்டில்ல படுக்கலாம்ல? இப்பல்லாம் படுத்ததும் அசந்துருது, கதவைச் சாத்திக்கிட்டா எனக்கு அவ்வளவாக் கேக்காது."

"படுக்கலாம்தான்" என்றேன்.

அவள் சொன்னது சரி. அந்தப் பூனையின் மூச்சில் எனக்கிருந்த முதலீடு அன்று மத்தியானத்தோடு தீர்ந்தது. இருட்டியதும் ஷெவந்தி பாயிலிருந்து எழுந்து, சுவரைப் பார்த்து நின்று, அந்தக் கேள்வியைக் கேட்டது. அமலா கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கட்டிலையும் பார்த்தேன், துண்டையும் பார்த்தேன். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"இதுக்கு யாருங்க காசு தர்றா?" என்று உள்ளேயிருந்து சிரித்தாள்.

கையைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் ஐந்து விரலும் முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், பேரம் கிடையாது. படுத்துக்கொண்டே கணக்கு முடித்தேன். ஆளந்தி ரோட்டுக்கு அப்பால் ஒரு கிழவி தூங்குகிறாள். உள்ளே அமலா தூங்குகிறாள், அவளுக்குள் ஒன்று தூங்குகிறது. கீழ்வீட்டில் கதம் காகா தூங்குகிறார். என் கைக்குள் இந்தக் கிழம் தூங்குகிறது. வரவுப் பக்கம் ஐந்து தூக்கம். பற்றுப் பக்கம் ஒரு கை, ஒரு ஆள். இரண்டு பக்கத்தையும் எப்படிக் கூட்டினாலும் நேராக வரவில்லை. பாக்கி என் பேரில் நிற்கிறது.